சின்னப் புல்லி

நௌஷாதுக்குச் சொந்தம் என்று சொல்ல அந்தக் கார் ஒன்றுதான் இருந்தது. வீடு அவன் மனைவி ஷமீராவுடையது. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலை ஒட்டிய அந்த ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போய்விடுவான். அவன் பிறந்த வீடு அவன் தங்கைக்குப் போகும். ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும்வரை இது யாரையும் உறுத்துவதில்லை. விடுமுறைக்கு வந்து போகிறவனுக்கு வீடு யார் பெயரில் இருந்தால் என்ன? வேலை போய் நிரந்தரமாக வந்து உட்கார்ந்தவனுக்குத்தான் ஒவ்வொரு கதவும் யாருடையது என்று தெரிய வரும்.

ஷார்ஜாவில் பணக்காரப் பையன்களின் கார்களை இன்னும் வேகமாக ஓடவைக்கும் கராஜ் ஒன்றில் அவன் வேலை செய்தான். முதலாளி இறந்ததும் மகன்கள் அந்த இடத்தை விற்றுவிட்டார்கள். நௌஷாத் திரும்பி வந்தபோது கார்கோவில் பால் பவுடர், போர்வை, சோப்புகளுக்கு நடுவே கனமான அலுமினியப் பொருள் ஒன்றும் வந்தது. விபத்தில் நொறுங்கிய காரிலிருந்து கழற்றிய சூப்பர்சார்ஜர்.

மாமியார் ஹாஜரா அம்மா அதைக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு மகளிடம், "கறி கொத்துற மெசினா?" என்று கேட்டார்.

"இல்ல உம்மா. காருக்குள்ள மாட்டுறது."

"கார்ல எதுக்குக் கறி கொத்தணும்?"

நௌஷாத் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி, வாசல் பக்கத்துக் கொட்டகையில் வைத்து மழைக்காலம் முழுவதும் உழைத்து அதை மாட்டினான். விஷயம் எளிதானதுதான். இன்ஜினிலிருந்து ஒரு பெல்ட் போய் அந்தச் சூப்பர்சார்ஜரைச் சுற்றும். அது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று கூடினால் பெட்ரோல் கூடும், இழுவை கூடும். அதன் மூக்கில் மாட்டுகிற புல்லி சிறியதாக ஆக ஆக அது வேகமாகச் சுற்றும், இழுவை ஏறும். கூடவே சூடும் ஏறும். சூடு மிஞ்சினால் பெட்ரோல் நேரம் தப்பி உள்ளேயே வெடிக்கும். அந்த வெடிப்பு பிஸ்டனைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும். பந்தயத்துக்கு ஓடுகிற காருக்குச் சின்னப் புல்லி போடலாம், ஓடி முடித்ததும் இன்ஜினைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம். தினமும் வெயிலில், ஏசி போட்டு, ஆள் ஏற்றி ஓட்டுகிற காருக்கு எது சரி என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருந்தது.

சூப்பர்சார்ஜரோடு வந்தது பெரிய புல்லி. நடுத்தரமாக ஒன்றும் சின்னதாக ஒன்றும் கடையச் சொல்லிப் பட்டுக்கோட்டை லேத்துக்காரர் நல்லக்கண்ணுவிடம் போனான். நல்லக்கண்ணு பம்புசெட்டுக்கும் தேங்காய் மட்டை உரிக்கும் மெசினுக்கும் புல்லி கடைகிறவர். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அளவைப் பார்த்தார்.

"இது எந்தக் கம்பெனி பம்புக்கு?"

"பம்புக்கு இல்லண்ணே. காருக்கு."

"காருல எதுக்குய்யா தண்ணி எறைக்கணும்?"

"தண்ணி இல்ல. காத்து. இன்ஜினுக்குள்ள காத்தடிக்க."

"காத்தா? கஜா அடிச்சது பத்தலையா ஒங்களுக்கு? எங்க தோப்புல ஒரு மரம் நிக்கல."

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நௌஷாதும் சிரித்து வைத்தான்.

"சின்னதாக் கேக்குறீங்க. பம்புல இப்படி மாட்டுனா தண்ணி நல்லா ஊத்தும், இன்ஜின் சீக்கிரம் படுத்துக்கும். ஆனா படுக்கப்போறது ஒங்க இன்ஜின். எனக்கென்ன பாய், கடைஞ்சு தாரேன்." நல்லக்கண்ணு உருளையை லேத்தில் பூட்டினார்.

அந்தக் கார் வெறும் ஆசைக்காக நின்றிருந்தால் கதையே இல்லை. ஹாஜரா அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று முறை தஞ்சாவூரில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீருக்கு அளவு. காய்களைத் துண்டாக்கி வெந்நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். நாலு பக்கமும் தென்னந்தோப்பு, ஆனால் இளநீர் அவருக்கு விஷம். மீன் குழம்பு கொதிக்கும்போது கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார்.

மலேசியாவில் இருக்கும் மகன் ஜாஃபர் சாதிக், போக வர வாடகைக் கார் வைத்துவிடலாம் என்றான். நௌஷாத் சம்மதிக்கவில்லை. "நான் எதுக்கு இருக்கேன்?" என்றான். அந்த வீட்டில் அவன் செய்கிற ஒரே உருப்படியான வேலை அதுதான் என்பது அவனுக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியும்.

முன்னால் நௌஷாத். பின்னால் ஹாஜரா அம்மாவும், பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு வரும் ஷமீராவும். ஹாஜரா அம்மா மருமகனோடு நேருக்கு நேர் பேசியதில்லை. கோபம் ஒன்றுமில்லை. அவருடைய உம்மாவும் தன் மருமகனோடு பேசாத மாமியாராகத்தான் இருந்தார். மருமகன் வந்தால் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும். சொல்ல வேண்டியது இருந்தால் மகள் வழியாகச் சொல்ல வேண்டும். இளைய பெண்கள் இதையெல்லாம் விட்டுவிட்டார்கள். அவர் விடவில்லை. ஒரே காருக்குள் முழங்கை இடைவெளியில் உட்கார்ந்து தஞ்சாவூர் வரை போய்வந்தாலும், பேச்சு ஷமீரா வழியாகத்தான் சுற்றி வரும்.

நடுத்தரப் புல்லியைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்த நாளில் ஒருமுறை வீட்டுக்கு வந்து இறங்கியதும் அவர் கூடத்தில் நின்று சொன்னார்.

"ஷமீரா, மாப்புளைட்டக் கேளு, கார்ல கடுகு தாளிக்கிறாரான்னு."

நௌஷாத் நாலடி தள்ளிச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"என்னாங்க, உம்மா கேக்குறாங்க..."

"கேட்டுச்சு."

"கேட்டுச்சுன்னா பதில் சொல்லுங்க."

"எங்கன்னு கேளு."

"உம்மா, எங்கன்னு கேக்குறாங்க."

"ஒரத்தநாட்டுப் பாலத்துல ஏறுறப்ப. சுவரு ஓரமாப் போறப்ப நல்லாக் கேக்குது. எண்ணெ காஞ்சதும் கடுகு போட்டா வருமே, படபடபடன்னு. அந்த மாதிரி. எறங்குறப்ப இல்ல."

நௌஷாத் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கும் சத்தம் அதுவேதான். ஏற்றத்தில் வரும், இறக்கத்தில் வராது, பக்கத்தில் சுவர் இருந்தால் எதிரொலிக்கும். ஷார்ஜாவில் அதைப் பிடிக்க இன்ஜினில் மைக் ஒட்டி, காதில் ஹெட்போன் மாட்டி உட்காருவார்கள். ஏசிக் காற்று குமட்டுகிறது என்று பின் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்த மாமியார் அதைச் சும்மா பிடித்துவிட்டார். அவனுக்குக் கேட்கவே இல்லை.

ஏன் கேட்கவில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். கிரைண்டருக்கும் கம்ப்ரசருக்கும் நடுவே கழிந்த வருடங்கள் காதின் மேல்பாதியைத் தின்றுவிட்டன. விசா புதுப்பிக்கப் போன இடத்தில் டாக்டர் சொன்னார், பேச்சு கேட்கும், மெல்லிய கூரான சத்தங்கள் கேட்காது என்று. அவன் யாரிடமும் சொல்லவில்லை. இன்ஜினைக் கேட்க முடியாத மெக்கானிக் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது?

மறுநாளே பெரிய புல்லியை மாட்டினான். அடுத்த முறை தஞ்சாவூர் போகும்போது, பாலத்தில் ஏறி இறங்கியதும் கண்ணாடியில் ஷமீராவைப் பார்த்தான்.

"இப்பக் கேக்குதான்னு கேளு."

"கேக்கலியாம்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கேட்டான். மாப்பிள்ளை தன் வார்த்தைக்கு மரியாதை கொடுக்கிறார் என்று ஹாஜரா அம்மாவுக்கு உள்ளூரச் சந்தோஷம். அவன் அவருடைய காதைக் கருவியாக வைத்துக்கொண்டிருந்தான் என்பது அவருக்குத் தெரியாது.

பேராவூரணித் தேங்காய் வியாபாரியின் மகன் இளம்பரிதி சித்திரைக் கடைசியில் வந்து சேர்ந்தான். இருபத்தைந்து வயது, புதுக் கார், கையில் எப்போதும் போன். அவனுடைய அப்பாவின் கொப்பரைக் குடோன் ஒன்று பட்டுக்கோட்டைச் சாலையில் சும்மா கிடந்தது. அதில் நௌஷாத் பட்டறை போடலாம், தானும் கூட்டாளிகளும் கார்களைக் கொண்டுவருகிறோம் என்றான். ஆனால் முதலில் காரில் ஏறிப் பார்க்க வேண்டுமாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏற்றிக்கொண்டு போனான் நௌஷாத். அப்போது காரில் இருந்தது பெரிய புல்லி.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. என் வண்டியே இதவிட இழுக்கும்."

"இது வீட்டு உபயோகத்துக்குப் போட்ட அளவு தம்பி. சின்னது இருக்கு, அதப் போட்டா வேற மாதிரி."

"அப்பறம் அதப் போட்டுக் காட்டாம, கல்யாணத்துக்கு வேட்டியப் பொட்டில வச்சுட்டுக் கைலியோட வந்த மாதிரி வந்திருக்கீங்க?"

ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் மெனக்கெட்டு நௌஷாத் சின்னப் புல்லியை மாட்டினான். அந்தக் காருக்கென்று செய்த சூப்பர்சார்ஜர் இல்லை என்பதால் புல்லி மாற்ற வேண்டுமென்றால் ரேடியேட்டர் விசிறியைக் கழற்ற வேண்டும், இன்ஜினை ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும், வேறு அளவு பெல்ட் போட வேண்டும். அரை நாள் வேலை. சாயங்காலம் இளம்பரிதியை ஏற்றிக்கொண்டு மிதித்தான். சார்ஜர் வீல் என்று கத்தியது. இளம்பரிதி இருக்கையோடு ஒட்டிக்கொண்டான். உப்பளங்கள் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஓடின.

"யண்ணே! யண்ணே! போதும்ணே!" வண்டி நின்றதும் அவன் மடக்மடக்கென்று தண்ணீர் குடித்தான். "நாளைக்குச் சாயந்தரம் கூட்டாளிங்களக் கூட்டியாறேன். அவனுங்களுக்கும் இதே மாதிரி காட்டுங்க. குடோன் சாவி அங்கயே ஒங்க கையில."

ராத்திரிச் சாப்பாட்டில் ஷமீரா ரொட்டியை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"பெருச மாட்டிட்டீங்களா?"

"நாளைக்கு ஒரு நாள் இது இருக்கட்டும்."

"நாளைக்கு உம்மாவுக்கு ஆஸ்பத்திரி."

"தெரியும். மெதுவா ஓட்டுனா எல்லாப் புல்லியும் ஒண்ணுதான். எல்லாம் கால்லதான் இருக்கு."

"உங்க காலு என்னைக்கு மெதுவா இருந்துச்சு?"

"காலையில மாத்தி, மத்தியானம் வந்து திரும்ப மாத்தி, சாயந்தரத்துக்குள்ள எப்படி முடியும்? நான் என்ன மெசினா?"

"அப்ப நாளைக்கு ஒரு நாள் வாடகைக் கார் சொல்லிக்கலாம்."

"சொல்லு. மலேசியாவுல இருக்குற உன் காக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லு. மச்சானால முடியலையாம், கார் அனுப்புன்னு சொல்லு. அவரு அதுக்குத்தான காத்துக்கிட்டு இருக்காரு."

"நான் அப்படியா சொன்னேன்?"

"வேற எப்படி?"

ஷமீரா ரொட்டியை அவன் தட்டில் போட்டாள். "நாளைக்கு எனக்கு லீவு கெடைக்காது. ஸ்கூல்ல பேப்பர் திருத்துறது. போனையும் வாங்கி ஆபீஸ்ல வச்சுருவாங்க. உம்மா தனியா வருவாங்க. அத நெனப்புல வச்சுக்கங்க." கதவுக்கு அந்தப் பக்கம் ஹாஜரா அம்மாவின் கட்டில் கிறீச்சிட்டது. எல்லாவற்றையும் கேட்டிருப்பார். அந்த வீட்டில் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்பார்கள்.

காலையில் கிளம்பும்போதே புழுக்கம். கடலிலிருந்து காற்றே இல்லை. ஹாஜரா அம்மா பெட்ஷீட்டும் பன்னும் வைத்த பையோடு பின்னால் ஏறி, வழக்கம்போல் இடது பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். ஷமீரா உட்காரும் இடத்தில் பையை வைத்தார்.

ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. ரயில் வருவேனா என்றது. இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நௌஷாத் வெப்ப முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முள் பாதிக்கு மேல் நின்றது. கேட் திறந்து, பட்டுக்கோட்டையைக் கடந்தால் முன்னால் ஒரு மட்டை லாரி, வழி விடாமல் ஆடி ஆடிப் போனது. ஆஸ்பத்திரியில் பத்து மணிக்குப் படுக்கையில் இருக்க வேண்டும். தவறினால் ரத்தம் சுத்தம் செய்யும் மெசினை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். மறுபேச்சு கிடையாது.

ஆனாலும் அவன் மெதுவாகத்தான் ஓட்டினான். அதைச் சொல்லியாக வேண்டும். ஒரத்தநாடு வரை அவன் கால் சொன்ன பேச்சைக் கேட்டது.

பாலத்தில் ஏறும்போது கடுகு வெடித்தது.

ஹாஜரா அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்பு கேட்டதைவிட இது பெரிய சத்தம். முன்பு ஒரு கரண்டிக் கடுகு, இது ஒரு கைப்பிடி. பாலத்துச் சுவர் முடிந்த பிறகும் விட்டுவிட்டுக் கேட்டது. கண்ணாடியில் மருமகனின் கண்களைப் பார்த்தார். அவன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்னால் ஏசியும் சார்ஜரும் சேர்ந்து இரைந்தன.

ஹாஜரா அம்மா தொண்டையைச் செருமினார். திரும்பச் செருமினார். நௌஷாத் ஏசியைச் சற்றுக் குறைத்தான்.

பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்தார். பையிலிருந்து போனை எடுத்து, கண்ணருகே வைத்துத் தேடி, மகளின் படத்தை அழுத்தினார். மகளிடம் சொன்னால் மகள் அவனிடம் சொல்லுவாள். அவனோ முன் இருக்கையில், கை நீட்டினால் தோள் எட்டும் தூரத்தில் இருந்தான். போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி அழுத்தினார். அதே குரல். அப்புறமும் அழுத்தினார்.

அந்தக் குரல் நௌஷாதுக்குக் கேட்டது. கண்ணாடியில் பார்த்தான். மாமியார் முக்காட்டுக்குள் போனை வைத்துக்கொண்டு, முகம் சுளித்து, திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். மணியைப் பார்த்தான். நேரமாகிவிட்டது என்று மகளிடம் சொல்லப் பார்க்கிறார் என்று நினைத்தான். மாப்பிள்ளை உருட்டிக்கொண்டு வருகிறார், இதற்கு வாடகைக் காரே மேல். இன்று சாயங்காலம் அது மலேசியாவுக்குப் போகும். ராத்திரி மச்சானின் வாய்ஸ் மெசேஜ் வரும்.

மிதித்தான்.

லாரி பின்னால் போனது. சார்ஜர் கத்தியது. ஹாஜரா அம்மா முன் இருக்கையின் முதுகைக் கையால் தட்டினார். ஒருமுறை, மறுபடி ஒருமுறை. இன்னும் வேகமாகப் போகச் சொல்கிறார் என்றே அவன் எடுத்துக்கொண்டான்.

ஒரத்தநாட்டைத் தாண்டி நாலைந்து மைல் போயிருப்பார்கள். தகர டப்பாவைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது அவனுக்கும் கேட்டது. பின்னால் நீல நிறப் புகை எழுந்தது. கார் உதறி, இழுப்பை விட்டு, சாலையோரம் தானாக உருண்டு போய் நின்றது.

நௌஷாத் இறங்கி மூடியைத் திறந்தான். திறந்து பார்க்க ஒன்றுமில்லை. எண்ணெய் பொசுங்கிய வாடை. அவன் சும்மா நின்றான்.

உளுந்து அறுத்த வயல் வெடித்துக் கிடந்தது. அதில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கோடைக்கு ஓட்டிவந்த ஆடுகள். நிழலுக்கு ஒரே ஒரு கருவேல மரம். அதன் கீழ் உட்கார்ந்திருந்த கிடைக்காரப் பெண் எழுந்து வந்து, ஹாஜரா அம்மாவைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போய் மரத்தடியில் உட்காரவைத்தாள். தூக்குவாளியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தாள். ஹாஜரா அம்மா உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

"குடிங்க தாயி. எம்புட்டு வேணும்னாலும் இருக்கு."

"குடிக்கக் கூடாதும்மா எனக்கு. அளவுதான்."

"இந்த வெயிலுல அளவா? எந்தப் பாவி சொன்னான்?"

"டாக்டரு."

அவர்கள் பேசியது நௌஷாதுக்கு நன்றாகக் கேட்டது. பேச்சுதானே.

"பாலத்துலேர்ந்தே கடுகு வெடிச்சுக்கிட்டு வந்துச்சும்மா," என்றார் ஹாஜரா அம்மா. அவர் காரைப் பார்க்கவில்லை, ஆடுகளைப் பார்த்துச் சொன்னார். "அடங்கவே இல்ல. அப்பவே நிறுத்தியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

"சொல்ல வேண்டியதுதான ஒங்க மயன்கிட்ட?"

"மகன் இல்லம்மா. மருமகன்."

கிடைக்காரப் பெண் நௌஷாதைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஹாஜரா அம்மாவைப் பார்த்தாள்.

"ஏன், மருமயனுக்குக் காது கேக்காதா?"

நௌஷாத் காரின் மூடியை மெதுவாக இறக்கி மூடினான்.

பஸ் வந்தது. உட்கார இடமில்லை. கிடைக்காரப் பெண்தான் ஏறி, ஒரு கல்லூரிப் பையனை எழுப்பிவிட்டு ஹாஜரா அம்மாவை உட்காரவைத்து இறங்கினாள். நௌஷாத் படிக்கட்டருகே தொங்கிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரியில் மெசினை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் யாராவது வராமல் போனால் பார்க்கலாம் என்றார் அங்கிருந்த பெண். மத்தியானத்துக்கு மேல் ஹாஜரா அம்மாவால் படுக்க முடியவில்லை. மூச்சு மேலும் கீழும் வாங்க, நாற்காலியில் முன்னால் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். நௌஷாத் எதிரே நின்றான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்க முடியாது. விசிறட்டுமா என்று கேட்கவும் ஆளில்லை. ஒரு நர்ஸைக் கூப்பிட்டு, "அவங்களுக்கு என்ன வேணும்னு கொஞ்சம் கேளுங்க சிஸ்டர்," என்றான். அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மெசின் கிடைத்தது, அதுவும் பாதி நேரத்துக்குத்தான். அப்போது இளம்பரிதி போன் செய்தான்.

"எங்கண்ணே இருக்கீங்க? கூட்டாளிங்க எல்லாம் நிக்கிறானுங்க."

"வண்டி போயிருச்சு தம்பி. பிஸ்டன்."

அந்தப் பக்கம் அவன் யாரிடமோ அதைத் திரும்பச் சொன்னான். பிறகு யாரோ சிரித்தார்கள். அவன் இல்லை, பக்கத்தில் இருந்தவர்கள்.

"நேத்து ஓட்டுனதுக்கேவா?"

"இன்னைக்கு. ஆஸ்பத்திரிக்கு வர்றப்ப."

"ஆஸ்பத்திரிக்குப் போகவே தாங்கலியா?" என்றான் இளம்பரிதி. குரலில் கேலி இல்லை, உண்மையாகவே கேட்டான். "சரிண்ணே. மொதல்ல அம்மாவப் பாத்துக்கங்க. குடோன அப்பறம் பேசிக்கலாம்."

அப்புறம் பேசவில்லை. அடுத்த மாதம் அந்தக் குடோனில் சிமெண்டு மூட்டைகள் ஏறின.

காரை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். பிரித்தபோது நல்லக்கண்ணு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். பிஸ்டனைக் கையில் உருட்டிப் பார்த்தார். விளிம்பு தின்னப்பட்டு, ஒரு பக்கம் உடைந்து போயிருந்தது.

"அணில் கடிச்ச குரும்பை கணக்கா இருக்கு," என்றார். "புல்லிக்கு ஒண்ணும் ஆகலியே? நல்லா இருக்கா? அதான பாத்தேன். நம்ம வேலைல கொறை இருக்காது."

ஷமீரா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். வாசலில் அவன் கை கழுவிக்கொண்டிருந்தபோது.

"உம்மாவுக்குக் கேட்டிருக்கு. உங்களுக்குக் கேக்கலையா?"

"சார்ஜர் கத்துச்சு. அதுல எங்க கேக்குறது?"

அவள் கொஞ்சம் நின்று அவன் காதைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு உள்ளே போய்விட்டாள்.

ஜாஃபர் சாதிக்கின் வாய்ஸ் மெசேஜ் நீளமாக இல்லை. "மச்சான், உம்மாவ வச்சு இனிமே எதுவும் பண்ணிப் பாக்காதீங்க. துரைராசு அண்ணன்ட்டச் சொல்லிட்டேன். அவரு கார் வரும்." நௌஷாதுக்கு ஷார்ஜாவில் டயர் கடை ஒன்றில் விசா கேட்டிருப்பதாகவும் சொன்னான். கார் கொட்டகையில் நின்றது. அதன்மேல் ஷமீரா பழைய போர்வை ஒன்றைப் போட்டு மூடினாள். ஒரு வாரத்தில் கோழி அதில் முட்டையிட்டது.

ஒரத்தநாட்டுப் பக்கம் குத்தகைக்கு நெல் போடுகிறவர் துரைராசு. மிச்ச நேரத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறார். ஷமீராவுக்கு லீவு இல்லாத நாட்களில் ஆண் துணை வேண்டும் என்று நௌஷாத் அவர் பக்கத்தில் முன் இருக்கையில் உட்கார்ந்து போனான். முதல் நாளே கார் ஊரைத் தாண்டுவதற்குள் ஹாஜரா அம்மா பேசத் தொடங்கிவிட்டார்.

"தம்பி, தண்ணி தொறந்துட்டாங்களாமே?"

"ஆமாம்மா. கல்லணைக்கு வந்துருச்சு. எங்க பக்கம் வாய்க்காலுக்கு வரணும்னா இன்னும் ஒரு வாரம் ஆகும்."

"நாத்து விட்டாச்சா?"

"போர் தண்ணியில விட்டிருக்கேம்மா."

"பிள்ளைங்க?"

"ஒண்ணு நர்சிங் படிக்குது."

"நல்லது. எனக்கு ஊசி போடுறப்பச் சொல்லுங்க, அந்தப் பிள்ள கையால போட்டுக்குறேன். இங்க இருக்குறவளுக்கு நரம்பே தெரியல."

துரைராசு சத்தமாகச் சிரித்தார். நௌஷாத் இத்தனை வருடம் அந்த வீட்டில் இருந்தும் மாமியார் வேடிக்கையாகப் பேசுவார் என்பது அவனுக்குத் தெரியாது. அந்தக் குரலின் ஏற்ற இறக்கங்களைக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்தோ ஷமீராவிடம் பேசும்போதோதான் கேட்டிருக்கிறான்.

பாலம் வந்தது. ஏறி இறங்கினார்கள்.

"தம்பி, கொஞ்சம் நிப்பாட்டுங்க. பின் சக்கரத்துல டிக்கு டிக்குன்னு ஏதோ கேக்குது."

துரைராசு உடனே ஓரம் கட்டினார். இறங்கிப் போய்க் குனிந்து, சாவியால் டயர் இடுக்கிலிருந்து ஒரு ஜல்லிக் கல்லை நெம்பி எடுத்துக் காட்டினார்.

"கில்லாடிக் காதும்மா ஒங்களுக்கு. எனக்குக் கேக்கவே இல்ல."

"எனக்கு என்ன தம்பி, காது ஒண்ணுதான் மிச்சம். கேட்டா அப்பவே சொல்லிப்புடுவேன். மனசுல வச்சுக்க மாட்டேன்."

துரைராசு ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். வண்டியைக் கிளப்பியபடி பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தார்.

"நீங்க மெக்கானிக்காச்சே பாய். ஒங்களுக்குக் கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு," என்றான் நௌஷாத்.

அவன் குரல் வந்ததும் பின் இருக்கையில் பேச்சு நின்றது. முக்காட்டை இழுத்துவிடும் சரசரப்பு துரைராசுவுக்குக் கேட்டது. தஞ்சாவூர் வரும்வரை அவர் எதைக் கேட்டும் பின்னாலிருந்து பதில் வரவில்லை.